பரீட்சையில் தேறியும் பாதையில் தவறலாமா?

“பையன் பாஸ் பண்ணிட்டான். ஆனா அடுத்து எங்க சேக்கிறதுன்னுதான் தெரியல.”

எஸ்.பி.எம். முடிவு வெளியான வாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நம் காதில் விழும் பேச்சு இது. சம்பளத் துண்டில் இரண்டு வெள்ளி குறைந்தாலும் கிராணியைக் கேள்வி கேட்கத் தெரிந்த நம் தோழர்கள், பிள்ளையின் மேற்படிப்பு என்று வந்துவிட்டால், “எல்லாம் வாத்தியாருங்க பாத்துக்குவாங்க” என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறோம். வாத்தியாருக்கு ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளை அதில் ஒன்று. அவர் எத்தனை பேருக்குத்தான் வழி காட்டுவார்?

நம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை இழப்பது பரீட்சை மண்டபத்தில் மட்டுமல்ல. பரீட்சைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாடம் எடுக்கும்போதும் இழக்கிறார்கள். பரீட்சைக்குப் பிறகு விண்ணப்பம் போடும்போதும் இழக்கிறார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருந்தும் வழி தெரியாமல் நின்று போனவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சல்லடை மேலே ஏறிவிட்டது

ஒரு காலத்தில் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைவதற்கே ஒரு தேர்வு இருந்தது. 1964ஆம் ஆண்டோடு அது எடுக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்று ஆனது. அதன் பிறகு சல்லடையை மூன்றாம் படிவத்தில் வைத்தார்கள். எல்.சி.இ. என்று இருந்து, எஸ்.ஆர்.பி. என்று பெயர் மாறிய அந்தத் தேர்வில் தவறிய தோட்டத்துப் பிள்ளை, வெட்டுக்கோ மருந்தடிக்கவோ வந்து சேர்ந்தது. இன்று பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் எத்தனையோ பேரின் படிப்பு அந்த இடத்தில் நின்றதுதான்.

1993இல் பி.எம்.ஆர். வந்தது. மூன்றாம் படிவத்தோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் போயிற்று. ஐந்தாம் படிவம் வரை பாதை திறந்தது. 2014இல் பி.எம்.ஆருக்குப் பதிலாக பி.டி.3 வந்தது. 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதி வந்த யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 2022இல், பி.டி.3ஐயும் எடுத்துவிட்டார்கள்.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020இல் ஆறாம் ஆண்டில் இருந்த பிள்ளைக்கு, நோய்ப் பரவல் காரணமாக யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. புகுமுக வகுப்புக்குப் போகாமல் நேரே முதலாம் படிவம் போயிருந்தால் 2023இல் மூன்றாம் படிவம். அப்போது பி.டி.3 இல்லை. 2025இல் எஸ்.பி.எம். அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையில் எழுதிய முதல் அரசாங்கத் தேர்வே எஸ்.பி.எம்.தான்!

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேர்வு வைத்துப் பயமுறுத்தாதது நல்லதுதான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சல்லடையை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. அது பதினேழு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த வயதில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது, ஆறாம் ஆண்டோடும் மூன்றாம் படிவத்தோடும் நின்ற பெற்றோருக்குத் தெரியாத பிரதேசம்.

முன்பெல்லாம் பரீட்சை முடிவு வந்தால் “பையனுக்குக் கணக்கு வரல, மலாய் வரல” என்று வீட்டுக்கே தெரியும். இப்போது அந்த வேலையைப் பள்ளி அளவிலான மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தத் தாளில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டிருப்பார்கள். 1, 2 என்றால் பிள்ளை பின்தங்கி நிற்கிறது. 3 என்றால் ஏதோ போதும் என்ற அளவு. 5, 6 என்றால்தான் மிக நன்று. “3 வாங்கியிருக்கான், பாஸுதானே” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. 3இல் நிற்கும் பிள்ளை எஸ்.பி.எம்மில் கிரெடிட் வாங்க வேண்டுமானால் இன்னும் ஏற வேண்டும் என்று அர்த்தம்.

நான்காம் படிவத்தில் பூட்டும் கதவு

விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த பழைய முறை 2020இல் எடுக்கப்பட்டது. இப்போது நான்காம் படிவத்தில் பாடங்களைத் தொகுப்புத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளியில் எந்தத் தொகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதைத்தான் அந்தப் பள்ளி நடத்த முடியும்.

பௌதிகம், இரசாயனம், “அட் மேட்ஸ்” என்று பிள்ளைகள் சொல்லும் கூடுதல் கணிதம் ஆகியவற்றை நான்காம் படிவத்தில் எடுக்காத பிள்ளை, பிற்பாடு பொறியியல் வேண்டும், மருத்துவம் வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பயன் இல்லை. கதவு பதினாறு வயதிலேயே சாத்தப்பட்டிருக்கும். “கூட்டாளி அந்த வகுப்புல இருக்கான், அதனால நானும் அங்க” என்று பிள்ளை பாடம் எடுத்திருக்கும். தகப்பனார் பெரட்டுக்குப் போய்விட்டு வந்து கையெழுத்துப் போட்டிருப்பார். இருவருக்குமே அன்று எடுத்த முடிவின் கனம் தெரிந்திருக்காது.

இன்னும் இரண்டு பாடங்களை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். முதலாவது மலாய்மொழி. அதில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. சும்மா தேறினாலும் போதாது. ஆறாம் படிவத்துக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் கிரெடிட் கேட்பார்கள். இரண்டாவது சரித்திரம். 2013 முதல் அதிலும் தேறியாக வேண்டும். மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியும் இந்த இரண்டில் ஒன்றில் சறுக்கிய பிள்ளைக்கு, மறுதேர்வு எழுத வழி இருக்கிறது. “போச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காராமல், எஸ்.பி.எம். மறுதேர்வுக்கு உடனே பெயர் கொடுக்க வேண்டும்.

பத்து மார்க்கின் கதை

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும் பிள்ளைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பரீட்சைக்கு. பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர், செம்பிறைச் சங்கம், விளையாட்டு, பேச்சுப் போட்டி எல்லாம் அந்தப் பத்தில் அடங்கும்.

“பத்துதானே” என்பவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். பரீட்சையின் மொத்தத் தரப்புள்ளி 4.00. தோட்டத்துப் பிள்ளை 3.70 வாங்குகிறது. அதைத் தொண்ணூறுக்கு மாற்றினால் 83.25. புறப்பாடத்தில் கிடைத்தது 4. மொத்தம் 87.25. பட்டணத்துப் பிள்ளை 3.50 வாங்குகிறது. தொண்ணூறுக்கு 78.75. புறப்பாடத்தில் 9. மொத்தம் 87.75. படிப்பில் முந்திய பிள்ளை பட்டியலில் பிந்தி நிற்கிறது.

ஏன் நம் பிள்ளைக்கு 4? சோம்பேறியா? இல்லை. பள்ளி விட்டதும் வேன் கிளம்பிவிடும். அந்த வேனை விட்டால் தோட்டத்துக்கு வேறு வண்டி கிடையாது. சாயங்காலப் பயிற்சிக்கு நின்றால் வீடு வந்து சேர வழி இல்லை. ஆகவே பிள்ளை சீருடை இயக்கத்தில் பெயர் மட்டும் கொடுத்துவிட்டு வேனைப் பிடிக்க ஓடுகிறது. வேன்காரர் இரண்டாவது நடை வராததால் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக இடம் போகிறது என்று சொன்னால் நம்புவது கஷ்டம். மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

தராசு இரண்டு

எஸ்.பி.எம்முக்குப் பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக முக்கியமான பாதை இரண்டு. ஒன்று மெட்ரிகுலேஷன். மற்றது ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்.

மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. 2003ஆம் ஆண்டில்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கும் அங்கே நூற்றுக்குப் பத்து இடம் என்று திறந்துவிட்டார்கள். 2019இல் மொத்த இடங்கள் 25,000இல் இருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டன. ஆனால் 90க்கு 10 என்ற பங்கீடு அப்படியே இருந்தது. அந்தப் பத்துக்குள் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் மற்றவர்களும் முண்டியடிக்க வேண்டும். 2024இல் பிரதமர் அன்வார், எஸ்.பி.எம்மில் பத்து ஏயும் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைகளுக்கு இன வேறுபாடு இல்லாமல் மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று அறிவித்தார். இதை நாம் வரவேற்கிறோம். எந்த ஏயெல்லாம் கணக்கில் சேரும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. பத்து ஏ வாங்கும் பிள்ளை எந்த வீட்டில் இருந்து வருகிறது? டியூஷனுக்கு டியூஷன் காரில் கொண்டு போய் விடும் வீட்டில் இருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். தோட்டத்து லயத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே மேசையில் படித்து, ஐந்து ஏ, ஆறு ஏ வாங்குகிற பிள்ளையின் திறமை அதற்கு இளைத்ததா? அந்தப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் புதிதாக ஒன்றும் இல்லை. அது இன்னும் பழைய பங்கீட்டு வரிசையில்தான் நிற்கிறது.

மிஞ்சுவது ஆறாம் படிவம். இங்கே தகுதி உள்ள பிள்ளைக்கு இனப் பங்கீடு கிடையாது. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. 2012 முதல் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகத் தேர்வு வைக்கிறார்கள். முதல் இரண்டு தவணைகளில் சறுக்கிய தாளைத் திரும்ப எழுத வாய்ப்பும் தருகிறார்கள். பொதுவாக நான்கு பாடம் எடுப்பார்கள். பெங்காஜியான் அம் கட்டாயம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். “எஸ்.டி.பி.எம்மா? ஐயோ, அது மலை ஏர்ற மாதிரி” என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள், ஒரே மூச்சில் எல்லாத் தாளையும் எழுதிய பழைய காலத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

அதற்காக அது சுலபம் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். கஷ்டமான தேர்வுதான். 2002 முதல் பல்கலைக்கழக நுழைவு தகுதி அடிப்படையில் என்று சொல்லப்படுகிறது. ஆனால் மெட்ரிகுலேஷன் பிள்ளைக்கு ஒரு தேர்வு, ஆறாம் படிவப் பிள்ளைக்கு மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் வேறொரு தேர்வு. இரண்டு தராசில் நிறுத்த சரக்கை ஒரே விலைப் பட்டியலில் போடுகிறார்கள். இதில் எது நியாயம் என்று அரசாங்கம்தான் மக்களுக்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் எந்தப் பாதையில் இருந்து எத்தனை பேர் மனுச் செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். இருட்டில் இருக்கிற வரைக்கும் சந்தேகம் தீராது.

இங்கிலீசுக்குத் தனிப் பரீட்சை

பிள்ளைகள் கடைசி நேரத்தில் விழித்துக்கொள்ளும் இன்னொன்று முயெட். 1999இல் தொடங்கிய இந்த ஆங்கிலத் தேர்வு இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியாது. கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று நான்கு பகுதி. படிப்புக்குப் படிப்பு எந்த பேண்ட் வேண்டும் என்பது மாறும்.

நம் பிள்ளையின் நிலைமையைப் பாருங்கள். வீட்டில் தமிழ், ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளி. பிறகு எல்லாப் பாடமும் மலாயில். இங்கிலீசு பேச வீட்டிலும் ஆள் இல்லை, தோட்டத்திலும் ஆள் இல்லை. எழுத்தில் சமாளித்துவிடும் பிள்ளை, பேச்சுத் தேர்வில் வாயடைத்துப் போகிறது. அறிவு இல்லாமல் அல்ல, பழக்கம் இல்லாமல். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நான்கு பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தப்போ சரியோ, இங்கிலீசிலேயே அரை மணி நேரம் பேசிப் பழகினாலே பாதிப் பயம் போகும்.

வீட்டைக் காப்பாற்ற ஒரு பிள்ளை

இத்தனையும் தெரிந்த பிறகும் சில பிள்ளைகள் ஆறாம் படிவத்துக்குப் போவதில்லை. காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். தோட்ட வீடு வேலையோடு ஒட்டிய வீடு. தகப்பனாருக்கு அறுபது வயதாகி வேலை நின்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். வீட்டில் ஒருவன் வேலையில் இருந்தால் வீடு தப்பும். அதனால் பெரிய பையனின் படிப்பை நிறுத்திக் குலை வெட்ட அனுப்புகிறார்கள். பெண் பிள்ளைக்கு வேறு விதம். தொழிற்சாலை பஸ் தோட்டத்து வாசலுக்கே வருகிறது. ஆறாம் படிவம் நடத்தும் பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் இடத்துக்குப் போக பஸ்ஸும் இல்லை. பிள்ளை எந்த வண்டியில் ஏறும்?

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் அரிசி, மீன், வேன் காசு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக மிச்சம் என்ன என்பது நம் வீட்டு அம்மாமார்களுக்குத் தெரியும். இந்த நேரத்தில்தான் தனியார் கல்லூரி ஏஜெண்டு வருகிறார். “எஸ்.டி.பி.எம். எல்லாம் எதுக்குங்க? கையெழுத்துப் போடுங்க, கடன் எடுத்துத் தர்றோம்” என்கிறார். எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 1997இல் ஏற்படுத்தப்பட்ட பி.டி.பி.டி.என். தருவது கடன், தானம் அல்ல. பிள்ளை வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே ஏஜெண்டு வந்தால் முதல் கேள்வி: “இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கா?” இரண்டாவது கேள்வி: “மொத்தச் செலவு எவ்வளவு, எழுத்துல குடுங்க.” இந்த இரண்டுக்கும் நேரே பதில் சொல்லாதவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படிவம் வீட்டில் இருந்து போய்வரும் படிப்பு. விடுதிக் கட்டணம் இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்த குடும்பம், வீட்டைக் காப்பாற்றப் பிள்ளையை நிறுத்துவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். வேலையோடு ஒட்டிய வீடு அந்தப் பையனுக்கும் ஒரு நாள் இதே கடிதத்தைத்தான் கொடுக்கும்.

பட்டப்படிப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒத்து வரும் என்பதும் நம் வாதமல்ல. பாலிடெக்னிக் உண்டு, தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு, ஆசிரியர் பயிற்சிக் கழகம் உண்டு. எங்கே போனாலும் பிள்ளை தெரிந்து போக வேண்டும், தள்ளிவிடப்பட்டுப் போகக் கூடாது.

கிளைகள் செய்யக் கூடியது

டாக்டர் எம். தம்பிராஜா தலைமையில் 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வாரக் கடைசி வகுப்புகளாலேயே எத்தனையோ நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறது. கூடி வேலை செய்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தோட்டக் கிளைகள் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தோட்டத்தில் மூன்றாம் படிவத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதுங்கள். நான்காம் படிவத்துக்குப் பாடம் எடுக்கும் முன், பெற்றோரை அழைத்துக்கொண்டு பள்ளி ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் பயமும் இருக்காது, மரியாதையும் இருக்கும்.

இரண்டாவது, புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் வேன் இரண்டாவது நடை வர ஏற்பாடு செய்யுங்கள். செலவைப் பெற்றோர் பங்கு போடலாம். நிர்வாகத்திடம் உதவி கேட்கலாம். சம்பளத்துக்குப் பேசும் வாய் வேனுக்கும் பேசட்டும்.

மூன்றாவது, விண்ணப்ப இரவு. விண்ணப்பமெல்லாம் இப்போது கணினியில்தான். பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பக் காலம் தொடங்கிவிடுவதும் உண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை விடுமுறையில் வரும்போது மண்டபத்தில் உட்கார வைத்து, தம்பி தங்கைகளுக்கு மனுச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாள் மிகக் குறைவு. அந்த நாளைத் தவறவிட்டு, பிறகு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அரசியல்வாதி வீட்டு வாசலில் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

நான்காவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரத்திலும் குடியுரிமையிலும் சிக்கல் உள்ள பிள்ளைகள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். ஐந்தாம் படிவம் வரை காத்திருக்காமல் இன்றே பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போங்கள்.

பங்கீட்டை எதிர்த்துக் குரல் கொடுப்பது சங்கத்தின் கடமை. அதை விடப் போவதில்லை. ஆனால் கொள்கை மாறும் வரை பதினேழு வயதுப் பிள்ளை காத்திருக்க முடியாது. இந்த வருஷம் இருக்கும் கதவு எது என்று பார்த்து அதைத் தட்டியாக வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தாக் கணக்கு, போனஸ் பேச்சு ஆகியவற்றோடு இதையும் ஒரு தலைப்பாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவப் பிள்ளைகளின் பட்டியலைக் கிளைச் செயலாளர் அந்தக் கூட்டத்திலேயே வாசிக்கட்டும்.